கல்மட்டத்துக் கற்களின் வயது

செப்டம்பர் 18, புதன்

ஆய்வுக்கூட நோட்டில் எடையும் வெப்பமும் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. நான் போட்ட விதி அது. மற்றதையெல்லாம் எங்கே கொட்டுவது? அதற்குத்தான் இந்த நோட்டு.

நேற்று கல்மட்டம் போய்வந்தோம். மலை ஏறும் பஸ்ஸில் நான்கு மணி நேரம், பிறகு ஜீப், பிறகு கால். முழங்கால் இன்னும் என்னோடு பேசவில்லை.

கல்மட்டம் என்பது தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு சமதரை. மேலே செங்குத்தான பாறை முகம். சமதரை முழுக்க அறை அளவுக்கு உருண்டைக் கற்கள். அந்தக் கற்களுக்கு நடுவேதான் ஒரு அறக்கட்டளை முப்பத்தெட்டு வீடு கட்டி முடித்திருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பி வந்து தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் ஐம்பது வருடமாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு. வீடு தயார், சாவி தயார். யாரோ ஒரு நிலவியல்காரர், "இந்தக் கல்லெல்லாம் எப்போது விழுந்தது என்று தெரியாமல் ஆளைக் குடிவைக்காதீர்கள்" என்று எழுதிவிட்டார். அந்தக் கேள்வி எங்களிடம் வந்து நிற்கிறது.

கல் எடுக்க வழிகாட்டியவர் தவமணி அக்கா. ஐம்பது வயது இருக்கும், கொழுந்து பறிக்கிறவர், முப்பத்தெட்டில் ஒரு வீடு அவருக்கு. நான் முனைவர் பட்டம் வாங்கியவள் என்று யாரோ சொல்ல, டாக்டரம்மா ஆக்கிவிட்டார். இடுப்புவலிக்கு மருந்தும் கேட்டார்.

"கல்லுக்கு எப்பிடிம்மா வயசு பாப்பீங்க? அதுக்கென்ன பல்லா இருக்கு?"

சொன்னேன். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் அவை மோதும்போது, கல்லுக்குள் ஒருவகைக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. பாறைக்கு உள்ளே புதைந்திருந்தவரை அது கிடையாது. உடைந்து விழுந்து, புது முகம் வெளியே தெரிந்த அன்றைக்குத்தான் கணக்குத் தொடங்கும்.

"அப்ப நாளாக ஆக நெறைய ஆயிருமா?"

"ஓட்டைக் குடம் மாதிரிக்கா. அந்தக் கார்பன் தானாகவே அழிஞ்சுகிட்டும் இருக்கும். இருபதாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுன்னா, விழுற தண்ணியும் ஒழுகுற தண்ணியும் சமமாயிடும். குடம் நிறைஞ்சிருந்தா ரொம்பப் பழைய கல். அடியில கொஞ்சம்தான் இருந்தா, நேத்து விழுந்த கல்."

"குடம் நெறஞ்சிருந்தா வீடு. அம்புட்டுத்தானே?" அவருக்கு என் பத்து வருடப் படிப்பு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

மூன்று கல்லில் உடைந்த முகத்தைப் பார்த்துச் செதுக்கினோம். மூன்றாவது கல்மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது அக்கா அதைத் தடவிப் பார்த்து, "இதுல பாசியே ஏறலையே, புதுசு கணக்கால்ல இருக்கு" என்றார். உடனே என் முகத்தைப் பார்த்தார். "நான் சும்மா சொன்னேன்மா. அதெல்லாம் எழுதிப்புடாதீங்க."

எழுதவில்லை, ஆய்வுக்கூட நோட்டில்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கல்லை உடைத்து, அரைத்து, அதிலிருக்கும் குவார்ட்ஸை மட்டும் பிரிக்கும் வேலை. ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதுதான். ஐந்து முறை அமிலத்தில் குளிப்பாட்டினால் வெள்ளைச் சர்க்கரைபோல் ஆகிவிடும்.

எங்கள் எதிரி அழுக்கு. அழுக்கு என்றால் சேறு இல்லை; பூ, எண்ணெய், பவுடர், புகை, எங்கள் மூச்சு. உயிரோடு இருந்த எதிலும் இதே கார்பன் உண்டு, கல்லில் இருப்பதைவிட லட்சக்கணக்கான மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிக் கரி போதும், நேற்று விழுந்த கல் ஆதிகாலத்துக் கல்லாகிவிடும். அதனால்தான் கதவில் ஒட்டியிருக்கிறேன்: பூ கூடாது, தலையெண்ணெய் கூடாது. இன்று சின்னதுரை தேங்காயெண்ணெய் வழிய வந்தார். உதவியாளராக இருபது வருடம் இருக்கிறவர், என்னைவிட மூத்தவர். வாசலிலேயே நிறுத்தித் தலையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

"நீங்க ஆஸ்பத்திரி நடத்தினா எவனும் பொழைக்க மாட்டாம்மா" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

கல் 1 உலைக்குள் போனது. முதலில் ஐந்நூறு டிகிரியில் இரண்டு மணி நேரம். தூளில் ஒட்டியிருக்கும் வெளி அழுக்கெல்லாம் எரிந்து போகட்டும் என்று. பிறகு ஆயிரத்து நூறு டிகிரி. கூடச் சேர்த்த உருக்குப் பொடியோடு கல் உருகி உள்ளே இருப்பதைக் கக்கும். வந்த வாயுவைக் குளிரவைத்துப் பிடித்து அளக்க வேண்டும்.

நான்கு மைக்ரோகிராம். மகா கஞ்சக் கல்.

இந்தக் கண்ணாடிக் குழாய் வரிசையைக் கட்ட ஐந்து வருடம் ஆனது. இரண்டு முறை விரிசல், ஒருமுறை வெடிப்பு. விண்கல் துண்டு ஒன்றை வைத்துத்தான் சரிபார்த்தோம். காற்றுப் போர்வை இல்லாத வெளியில் சுற்றிய கல்லாதலால் அதில் இந்தக் கார்பன் ஏராளம். சரிபார்த்தது சோதனை. கல்மட்டம்தான் முதல் நிஜ வேலை. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுதபூஜை விடுமுறை. அதனால் ஆய்வுக்கூடத்தில் இன்றே பூஜை.

போன இரண்டு வருடமும் பூஜை போட நான் விடவில்லை. அந்த இரண்டு வருடமும்தான் குழாய் விரிசல் விட்டது என்று சின்னதுரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இந்த வருடம் துறைத்தலைவர் வேதநாயகம் சாரே, "அஞ்சு வருஷம் கழிச்சு ஓடுது பூங்கோதை, ஒரு பொட்டு வெச்சா என்ன குறைஞ்சிடும்?" என்றார். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அவருக்கே ஆட்சேபணை இல்லையென்றால் எனக்கென்ன.

சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன். சாம்பிராணி வாங்கி வந்ததே நான்தான்.

கருவிகளுக்கு ஓய்வு நாள் என்பதால் பம்பு உட்பட எல்லாவற்றையும் அணைத்தோம். உலைக்கு, தராசுக்கு, உலர்பெட்டிக்கு எல்லாம் சந்தனம், குங்குமம். உலர்பெட்டிக்குப் பொட்டு வைக்க வசதியாக உள்ளே இருந்த இரண்டு பீங்கான் கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தேன். சின்னதுரை சாம்பிராணித் தட்டோடு மூலை மூலையாகப் போனார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, புகையால் மட்டுமில்லை. பொரிகடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

கல் 2. ஐந்நூறு டிகிரியில் இருபது நிமிடம் போயிருக்கும், மின்சாரம் போய்விட்டது. மூன்று மணிக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை கூரியரில் போயாக வேண்டும். வெளியூரில் கார்பனை எண்ணும் முடுக்கி இயந்திரத்தில் எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நாள், தவறினால் டிசம்பர்தான். மறுபடி இரண்டு மணி நேரம் சுட நேரமில்லை. ஏற்கெனவே இருபது நிமிடம் சுட்டாயிற்று, ஐந்து முறை அமிலத்தில் குளித்த தூள் வேறு. நேராக மேலே ஏற்றினேன்.

வாயு பத்தொன்பது மைக்ரோகிராம். நல்ல விளைச்சல்.

அக்டோபர் 16, புதன்

கல் 3. கல் 2க்குச் செய்ததுபோலவே இதற்கும் இருபது நிமிடம்தான். ஒன்றுக்கு ஒரு முறை, இன்னொன்றுக்கு வேறு முறை என்றால் ஒப்பிட முடியாதல்லவா.

இருபத்திரண்டு.

அக்டோபர் 18, வெள்ளி

வாயுவைக் கரியாக்கிய மூன்று கடுகளவு குளிகைகள் கூரியரில் போயின. இனி அங்கே முடுக்கி எண்ணும். எனக்கு வேலையில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் தோசைக்கு மாவு அரைத்தேன். இருப்பது நான் ஒருத்தி.

அக்டோபர் 22, செவ்வாய்

தவமணி அக்கா போன். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை, நான்தான் கொடுத்திருப்பேன். மகள் செல்வக்கனிக்கு எட்டாம் மாதமாம். லயத்தில் மழை ஒழுகுகிறதாம்.

"கல்லு என்ன சொல்லுதும்மா?"

"இன்னும் வாயைத் திறக்கலக்கா."

அக்டோபர் 28, திங்கள்

மின்னஞ்சலில் எண்கள் வந்துவிட்டன.

கல் 1: நானூறு வருடம், கொஞ்சம் முன்னே பின்னே.
கல் 2: குடம் நிறைந்திருக்கிறது. இருபதாயிரத்துக்கு மேல்.
கல் 3: அதுவும் அப்படியே.

வேதநாயகம் சார் மேசையைத் தட்டினார். "மூணுல ரெண்டு ஒத்துப்போகுது. முதல் கல் சரிவுல புரண்டிருக்கும், அடிப்பக்கம் மேல வந்திருக்கும். விதிவிலக்குன்னு ஒரு வரி எழுதிடுங்க." அவர் சொன்னது தப்பில்லை. கல் புரளும்தான். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது கல்லில் பாசி ஏறவில்லை என்றார் அக்கா. பாசி ஒன்றும் அறிவியல் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். தேவையில்லாத வரி.

அக்டோபர் 30, புதன்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். "கிடைத்த தரவுகளின்படி, கற்சரிவு மிகப் பழமையானது." பேனா மை சரியாக வரவில்லை, இரண்டு முறை போட வேண்டியதாயிற்று.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

காலையிலேயே அக்கா போன். அறக்கட்டளை நேற்றிரவே செய்தி சொல்லிவிட்டதாம். பின்னால் வெடிச்சத்தம், சிரிப்பு, யாரோ பாடுகிறார்கள். அழுதார்.

"எங்கம்மா இந்த லயத்துலயே செத்துச்சு. எம் மக புள்ள சொந்த வூட்டுல பொறக்கப் போவுது. கார்த்திக ரெண்டாந்தேதி பால் காச்சுறோம், நீங்கதான் வந்து அடுப்பு பத்த வெக்கணும். வராம இருந்துறாதீங்க டாக்டரம்மா."

வருகிறேன் என்றேன். அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய இனிப்புப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

நவம்பர் 2, சனி

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். போன வாரம்தான் துவைத்தது.

நவம்பர் 4, திங்கள்

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. குளிர்பெட்டியைத் துடைத்தேன், செருப்பு அலமாரியை மாற்றி அடுக்கினேன், கூடத்துக்குப் போய்த் தராசை மட்டம் பார்த்தேன். "அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சின்னதுரை தோட்டக்காரரிடம் சொன்னது கேட்டது.

கூடத்து நோட்டைத் திறந்தேன். நான்கு, பத்தொன்பது, இருபத்திரண்டு. ஒரே மலை, ஒரே பாறை, ஒரே எடைத் தூள். மூடி வைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பதினொரு மணிக்கு அக்கா போன். எதுவும் கேட்கவில்லை, சந்தோஷத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். பழைய லயத்துக் கூரை ஒழுகியதால் இவர்களே சேர்ந்து தகரம் வாங்கிப் போட்டிருந்தார்களாம். அதைக் கழற்றிப் புது இடத்தில் சமையல் சாய்ப்பு போடப் போகிறார்களாம். தோட்டக் கம்பெனிக்கு எதற்கு விட்டுப்போக வேண்டும்? சுத்தியல் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு வூட்டுத் தகரமும் இன்னிக்கே எறங்குதும்மா. ஆளாளுக்குக் கூரை மேல நிக்குறாங்க. பாக்கவே சிரிப்பா இருக்கு."

சொல்ல வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? சந்தேகம் என்றா? எண் இல்லாமல் நான் பேசுவதில்லை.

"பார்த்து இறங்கச் சொல்லுங்கக்கா, வழுக்கும்" என்றேன்.

நவம்பர் 6, புதன்

கல் 2இல் மீதித் தூள் மூடிபோட்ட ஜாடியில் இருந்தது. பூஜையன்று அலமாரிக்குள் இருந்த ஜாடி. அதிலிருந்து அதே எடை எடுத்து, ஐந்நூறு டிகிரியில் முழுதாக இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு உருக்கினேன். உலை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சரியம், இன்று உட்கார முடிந்தது.

மூன்றரை மைக்ரோகிராம்.

பத்தொன்பதில் பாக்கிப் பதினைந்தரை கல்லுடையது இல்லை. அது நான் கடையில் வாங்கிய சாம்பிராணி. கிண்ணத்தில் திறந்து கிடந்த தூள்மேல் படிந்தது, இருபது நிமிடச் சூட்டில் போகவில்லை. கல்மட்டத்துக் கற்களின் வயதை நான் அளக்கவில்லை. எங்கள் கூடத்துப் பூஜையை அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒழுங்காகச் சுட்டது கல் 1 மட்டும்தான். அதைத்தான் விதிவிலக்கு என்று தள்ளினோம்.

வெட்கமாக இருக்கிறது. தேங்காயெண்ணெய்க்கு ஒரு மூத்த மனிதரை வாசலில் நிறுத்தியவள் நான்.

நவம்பர் 8, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "மீதித் தூளை மறுபடி ஓட்டினேன் சார். வாயு குறைவா வருது. முதல் ஓட்டத்துல மாசு இருந்திருக்கலாம்."

"வாயு குறைஞ்சா வயசு குறைஞ்சிடுமா? எண் வரணும். டிசம்பர்ல ஸ்லாட் இருக்கு, ரெண்டையும் அனுப்புங்க. அதுவரைக்கும் ஊரைக் கிளப்பாதீங்க. தப்பாப் போச்சுன்னா இந்தக் கூடத்தையே மூடிடுவாங்க."

மாசு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பூஜையன்று தேங்காய் உடைத்தவர் அவர்.

டிசம்பர் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குள் ஏதோ தளர்ந்தது. நிம்மதி என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வானொலியில் மலைமாவட்டங்களுக்குக் கனமழை என்கிறார்கள். மூன்று முறை அக்காவின் எண்ணை எடுத்தேன். மூன்று முறையும் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

அக்காவே கூப்பிட்டார். பழைய லயத்தில் தகரம் இல்லாமல் மழை உள்ளேயே பெய்கிறதாம். நல்ல நாள் வரும்வரை காத்திருக்க முடியாமல் ஒன்பது குடும்பம் இன்றே புது வீட்டுக்குப் போய்விட்டதாம். செல்வக்கனியும்.

"பாலு மட்டும் ஞாயித்துக்கெழம காச்சிக்கலாம். சாமி கோவிச்சுக்காது, இல்ல?"

நவம்பர் 15, வெள்ளி

மழை.

நவம்பர் 16, சனி

மலைப் பஸ். வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. பொக்லைன் அள்ளும்வரை நிற்க வைத்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் மட்டும் இறங்கி, ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தேன். "உக்காருங்கம்மா, நீங்க தள்ளினா பஸ் போகாது" என்றார் நடத்துநர்.

சாருக்குச் சொல்லாமல் வந்திருக்கிறேன். விடுதி அறையில் இதை எழுதுகிறேன். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லா வரியும் "தரவுகளின்படி" என்று தொடங்கியது. கிழித்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் மாவிலை, கோலம் மழையில் பாதி கரைந்திருந்தது. மேலே பாறை முகம் மேகத்துக்குள் இருந்ததால் தெரியவில்லை. அது தெரியாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டாங்க பாரு! நான் சொன்னேன்ல!" உள்ளே இழுத்துப் போனார். புதுச் சுண்ணாம்பு வாசனை, அடுப்பில் புதுப் பானை, ஓரத்தில் பாயில் செல்வக்கனி வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு தட்டில் கங்கு எடுத்து வந்து, அதன்மேல் பொடியைத் தூவினார். சாம்பிராணி.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். இந்த வீட்ல இருக்காதீங்க. யாரும் இருக்காதீங்க."

புரியவில்லை அவருக்கு. சிரித்தார். நான் தட்டைக் காட்டினேன். "இதேதான். இதே புகை எங்க கூடத்துல கல்லுத் தூள் மேல பட்டுடுச்சு. அதனாலதான் குடம் நிறைஞ்ச மாதிரித் தெரிஞ்சது. நிஜத்துல நிறையல. இந்தக் கல்லுங்க பழசு இல்லக்கா. நேத்து விழுந்த கல்லுங்க. இன்னைக்கும் விழலாம்."

வீட்டுக்குள் இருபது பேர் இருப்பார்கள். தட்டு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர், "அறிக்கையில கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்றார். ஒரு பெரியவர், "போன வருசம் லயத்துல கூரை இடிஞ்சு ரெண்டு பேரு செத்தாங்க. அதுக்கு எந்த டாக்டரம்மாவும் வரல" என்றார்.

அறக்கட்டளைச் செயலாளர் வந்தார். அவரிடமும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அவர் முகம் வெளுத்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது குடும்பமும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சாமான் தூக்க ஆரம்பித்தார்கள். பால் காய்ச்சவில்லை. பானையை நானே இறக்கி வைத்தேன்.

போகும்போது பள்ளிக்கூட வராந்தாவில் அக்கா தனியாகப் பிடித்தார். குரல் தாழ்த்தித்தான் கேட்டார்.

"இது எத்தன நாளா தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு நாளாக்கா. ஆறாம் தேதி மறுபடி ஓட்டிப் பார்த்தப்பதான்."

விரல் விட்டு எண்ணினார். "ஆறா... நாங்க அஞ்சாந்தேதி தகரத்தக் கழட்டுனோம். அப்ப ஒரு நாள்ல தப்பிப் போச்சு. ஒரு நா முந்தித் தெரிஞ்சிருந்தா லயத்துலயாச்சும் இருந்திருப்போம்." பெருமூச்சு விட்டார். "சரி வுடுங்க. தெரிஞ்சப்புறம் பஸ்ஸு ஏற ரோசன பண்ணிருக்கீங்க, அது மனுசப் புத்தி. ஆனா தகரத்துக்கு உங்க மேல குத்தமில்ல."

என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 19, செவ்வாய்

சார் ஒரு மணி நேரம் கத்தினார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "தேங்காய் உடைச்சது நான்தானே" என்றார். திருத்திய அறிக்கையில் இருவருமே கையெழுத்துப் போட்டோம். "பூஜையின்போது எழுந்த சாம்பிராணிப் புகையால்" என்று ஓர் அறிவியல் அறிக்கையில் தட்டச்சு செய்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். சின்னதுரை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவர் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

கல் 3 மீதித் தூளும் இரண்டு மணி நேரம் சுட்டாயிற்று. வாயு மூன்று.

நவம்பர் 27, புதன்

செல்வக்கனிக்குப் பெண் குழந்தை. மாவட்ட ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தது பள்ளிக்கூட வகுப்பறைக்கு. கரும்பலகைக்குக் கீழே தொட்டில் கட்டியிருப்பதாக அக்கா சொன்னார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

எண்கள் வந்தன.

கல் 1: நானூறு, அது முன்பே வந்ததுதான்.
கல் 2: ஆயிரத்து நூறு.
கல் 3: இருநூறுக்குள்.

மூன்றுக்கும் வெவ்வேறு வயது. ஒரே நாளில் விழுந்த கற்கள் இல்லை. அந்தப் பாறை முகம் அவ்வப்போது ஒன்றை உதிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கல்மட்டத்தில் இனி யாரும் குடியேறக் கூடாது என்று ஆணை வந்துவிடும். வேறு இடம் பார்க்கிறோம் என்கிறது அறக்கட்டளை. எத்தனை வருடம் பார்ப்பார்களோ.

அக்காவுக்குச் சொன்னேன். "இருநூறு வருசத்துக்கு ஒருக்கா விழுற கல்லுக்கு நாங்க வூட்ட வுட்டோம்" என்றார். பிறகு, "பாசியில்லாத கல்லுத்தானே அது? மூணாவது?" என்றார்.

"ஆமாக்கா."

"நான் அன்னிக்கே சொன்னேன். நாந்தான் எழுதாதீங்கன்னும் சொன்னேன்." அழுதார். என் தப்பில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு அழுகிறார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று விடுப்பு. முதலிலிருந்து இந்த நோட்டைப் படித்தேன்.

அக்டோபர் 28. எண்கள் வந்த அன்றைக்கு ஒரு வரி எழுதி அடித்தேனே, அது. ஒரே கோடுதான் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது: "2, 3 இரண்டும் பூஜையன்று மேசையில் திறந்து இருந்தன, சுட்டதும் போதாது."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. சந்தேகம் இல்லை, தெரிந்திருக்கிறது. எழுதவும் செய்திருக்கிறேன். ஆறாம் தேதி செய்தது கண்டுபிடிப்பு இல்லை, தெரிந்ததற்கு ஒரு எண் தேடியது. அந்த எண் கிடைத்த நாளைத்தான் அக்காவிடம் தெரிந்த தேதியாகக் கொடுத்தேன். யாரும் கேட்காவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

நாலு முறை சமையலறைக்குப் போய்வந்தேன். ஐந்தாவது முறை போகாமல் போனை எடுத்தேன். பின்னால் குழந்தை அழும் சத்தம், மழைச் சத்தம்.

"அக்கா, அன்னைக்குப் பதினொரு நாள்னு சொன்னேன். அது பொய். இருபது நாள். எனக்கு அக்டோபர் இருபத்தெட்டாம் தேதியே தெரியும்."

அவர் எண்ணுவது தெரிந்தது. விரல் விடும் சத்தம் போனில் கேட்காது, ஆனாலும் தெரிந்தது.

"அப்ப அஞ்சாந்தேதி நான் போன் பண்ணினப்ப," என்றார், "தகரம் எங்க கூரை மேலதான் இருந்துச்சு."

"ஆமாக்கா" என்றேன்.